விடை: பெரம்பலூர், அரியலூர்

நவம்பர் 23 என்ற தேதியை அரியலூர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னால் மருதையாற்றுப் பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். 1956இல் அதே தேதியின் விடியற்காலையில், வெள்ளம் அரித்த பாலம் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் இறங்கியது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையனிடம் சொன்னால் வேறு பதில் வரும்: "எங்க மாவட்டம் உருவான நாள் சார்." 2007 நவம்பர் 23 அன்றுதான் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. ஐம்பத்தோரு வருட இடைவெளியில் ஒரே தேதி. தற்செயல்தான். ஆனால் வினாடி வினா நடத்துகிறவருக்கு இந்த மாதிரித் தற்செயல்கள் கல்யாணச் சாப்பாடு.

இன்னும் கொஞ்சம் கிளறினால் அடுத்த கேள்வி வரும். தமிழ்நாட்டில் இரண்டு முறை பிறந்த மாவட்டம் எது? அதுவும் அரியலூர்தான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் கடைசியில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்ப்பலகைகளில் பெயின்ட் காய்வதற்குள் பழைய பெயரே திரும்பி வந்தது. 2007இல் மீண்டும் பிரிவு. குரூப் ஃபோர் படிக்கிறவர்களில் பாதிப் பேர் 2001 என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் இது.

சென்னையிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் ஏறியவர்கள் தூங்கிக்கொண்டே கடக்கும் ஊர் பெரம்பலூர். திருச்சி ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புத் தூசியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கும் ஊர் அரியலூர். கைடுகளில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் மிஞ்சிப் போனால் நாலு வரி: கல்மரம் - சாத்தனூர். சிமென்ட் - அரியலூர். கங்கைகொண்ட சோழபுரம் - முதலாம் ராஜேந்திரன். சின்ன வெங்காயம் - பெரம்பலூர். கோடு போட்டுப் பொருத்துக, அவ்வளவுதான். அந்த நாலு வரியைத் தோண்டினால் ஒரு முழு ராத்திரிக்கு வினாடி வினா நடத்தலாம் என்பது என் கட்சி. வேறு எந்த ஊரைப் பற்றியும் ஒரு கேள்விகூடத் தேவைப்படாது.

பீர்க் கடையும் டீக்கடையும்

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு ராத்திரி உண்டு. வாரத்தில் கூட்டம் குறைவான நாளில் மதுக்கடைக்காரர் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்பார். மேசைக்கு நாலைந்து பேர் அணியாக உட்கார்ந்து துண்டுச்சீட்டில் விடை எழுதுவார்கள். 1976இல் ஷரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் தெற்கு இங்கிலாந்தில் 32 அணிகளைத் திரட்டி இதை லீக் போட்டியாகவே நடத்த ஆரம்பித்தார்கள். வெறிச்சோடிக் கிடக்கும் நாளில் கல்லா நிரம்ப வேண்டும் என்பது அதிலிருந்த வியாபாரக் கணக்கு. அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்னால், 1951இல், அயர்லாந்தில் பறவை வேட்டைக்குப் போன கின்னஸ் பீர் ஆலையின் நிர்வாக இயக்குநர் சர் ஹ்யூ பீவர், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்ற வாக்குவாதத்தில் மாட்டிக்கொண்டார். விடை சொல்ல ஒரு புத்தகமும் இல்லை. 1955இல் கின்னஸ் சாதனைப் புத்தகம் வெளிவந்தது அந்த வாய்ச்சண்டையால்தான்.

நம்மிடம் அந்தச் சண்டை டீக்கடையில் நடக்கும். பெஞ்சில் தினத்தந்தி கைமாறும்போது ஒருவர் ஒரு தகவலை வீசுவார், இன்னொருவர் "அதெல்லாம் இல்லய்யா" என்பார். எந்தச் சண்டையையும் தீர்த்துவைக்கும் துணுக்குகளை வாராவாரம் அச்சடித்துத் தந்தவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன். அவருடைய 'கல்கண்டு' அதற்கென்றே வாழ்ந்த பத்திரிகை. அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'. பிந்தையவர்களுக்குப் பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம். 'ஏன் எதற்கு எப்படி' என்று ஜூனியர் விகடனில் சுஜாதா பதில் எழுதிய காலத்தில், கேள்வி அனுப்புவதே ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

மேடை வினாடி வினா நமக்குக் கல்கத்தா வழியாக வந்தது. 1967இல் அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதுதான் இந்தியாவின் முதல் பொது வினாடி வினா என்பார்கள். சென்னையில் ஆகஸ்ட் 15 என்றால் கொடியேற்றத்துக்குப் பிறகு லேண்ட்மார்க் க்விஸ் என்று ஒரு கூட்டம் கிளம்பிய காலம் உண்டு. கேள்வி கேட்டவர் கண் மருத்துவர் நவீன் ஜெயகுமார். இவை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. 2000 வாக்கில் 'கோடீஸ்வரன்' தொலைக்காட்சியில் வந்தபோதுதான் நம் வீட்டுப் பாட்டிகளும் நாலு விடைகளுக்கு நடுவில் தடுமாற ஆரம்பித்தார்கள்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பப் கிடையாது. ஆனால் மாவட்ட நூலகம் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கே சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொல்வதைப் பார்த்தால், மதுக்கடை மேசைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தோற்றால் அடுத்த ரவுண்டு பீர் வாங்கித் தர வேண்டும். இங்கே தோற்றால் இன்னொரு வருடம்.

கடல் இருந்த ஊர்

முதல் சுற்று. கேள்வி எளிது: அரியலூரில் ஏன் இத்தனை சிமென்ட் ஆலைகள்?

அரசின் டான்செம் இங்கே இருக்கிறது. ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்தில் ராம்கோ, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ், கீழப்பழுவூரில் செட்டிநாடு, இவற்றோடு டால்மியா. 'சுண்ணாம்புக் கல் கிடைப்பதால்' என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் சுண்ணாம்புக் கல் ஏன் கிடைக்கிறது? கைடு அந்த இடத்தில் மூடிக்கொள்கிறது.

பத்துக் கோடி வருடங்களுக்கு முன்னால் இந்த நிலம் ஆழம் குறைந்த கடல். கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா தனியாக நகர ஆரம்பித்த காலத்தில், கிழக்குக் கரையோரப் பள்ளங்களில் கடல் புகுந்தது. திருச்சி மாவட்டத்தின் ஊட்டத்தூரிலிருந்து பெரம்பலூர் வழியாக அரியலூர் வரை கடல் ஏறுவதும் இறங்குவதுமாகப் பல கோடி வருடங்கள் கழிந்தன. அதில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் செத்து, ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இங்குள்ள சுண்ணாம்புக் கல். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் ஒரு கட்டியை எடுத்தால் சிப்பி ஓட்டின் வரிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மேற்கூரை, டைனோசர் காலத்துச் சிப்பிகளின் கருணையில் நிற்கிறது.

இதே கடலின் படிவுதான் பக்கத்துத் திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியிலும் கிடைக்கிறது. 1939இல் அங்கே டால்மியா ஆலை வந்தது, ஊருக்கே டால்மியாபுரம் என்று பெயர் ஏறியது. 1953 ஜூலையில் அந்தப் பெயரை மாற்றக் கோரி மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். திராவிட இயக்க வரலாற்றின் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்குப் பின்னாலும் ஒரு பழைய கடல் இருக்கிறது. இதை எந்த மேடைப் பேச்சாளரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினம். அரியலூரின் பெயரைத் தாங்கிய கடல் உயிரி எது?

ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடு, அதற்குள் கணவாய்க்கு உறவான ஓர் உயிரி, அதுதான் அம்மோனைட். டைனோசர்களோடு சேர்ந்து 6 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன்னால் பூண்டோடு அழிந்தது. 1840களிலேயே கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்துத் தொல்லுயிர்ப் படிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு பிளான்ஃபோர்ட் நிலத்தை அடுக்கடுக்காகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். அந்த அடுக்குகளில் கிடைத்த உயிரிகளை விவரித்து எழுதியவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 1874இல் லடாக் மலையில் உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்துபோனவர். லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. அவர் பெயர் வைத்த அம்மோனைட்களில் ஒன்று 'அரியலூரென்சிஸ்' என்று முடிகிறது. பின்னால் வந்த வியன்னா அறிஞர் கோஸ்மாட் இன்னொன்றுக்கு வரகூரின் பெயரை வைத்தார்.

தொலைவிலுள்ள ஒரு நாட்டில் பாறையை உடைத்து அம்மோனைட் எடுக்கும் ஆராய்ச்சியாளர், நம் ஊர்ப் பெயரை எழுதித்தான் அதை அடையாளம் காட்ட வேண்டும். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிவங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைத் தஞ்சாவூருக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் போகிற வழியில் ஒரு மணி நேரம் இங்கே நிறுத்தலாம்.

சாத்தனூர்க் கல்மரம் எல்லோருக்கும் தெரிந்த விடை. 18 மீட்டர் நீள அடிமரம், சுமார் 12 கோடி வருட வயது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடலுக்குள் மரம் எப்படி வந்தது? கரையோரக் காட்டில் விழுந்த மரத்தை ஆறு கடலுக்குத் தள்ளியது. சேறு அதை மூடியது. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நாரும் துளையும் இருந்த இடத்தில் மெல்ல மெல்லப் படிந்து, மரத்தின் உருவத்திலேயே கல்லானது. பூக்கும் தாவரங்கள் உலகில் பெருகுவதற்கு முந்தைய வகை அது, ஊசியிலை மரங்களின் உறவு. அந்த மரத்தில் ஒருபோதும் பூ பூத்ததில்லை.

சாத்தனூருக்கு அருகே காரை கிராமத்தில் மரம் மட்டையே இல்லாமல் மழையில் அரிபட்டு, பள்ளமும் மேடுமாக ஒரு செம்மண் வெளி விரிகிறது. ஆடு மேய்க்கிறவர்கள் பார்க்கும் அந்த நிலத்தைப் புவியியல் மாணவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து முட்டி போட்டுத் தேடுகிறார்கள்.

முட்டை வந்த கதை

இரண்டாவது சுற்று 'உண்மையா, வதந்தியா?'

2020 அக்டோபரில் குன்னம் பக்கத்தில் ஏரி ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிவந்தன. சாயங்காலத்துக்குள் வாட்ஸ்ஆப் முழுக்க டைனோசர் முட்டை. கூட்டம் கூடியது, செல்ஃபி எடுத்தார்கள். வந்து பார்த்த புவியியலாளர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்தார்கள்: அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருண்டையான கற்கள். அதாவது, வதந்தி.

ஆனால் அரியலூரில் டைனோசர் இருந்ததா என்று கேட்டால் விடை 'ஆம்'. அதுவும் சாதாரண டைனோசர் அல்ல. கல்லமேடு என்ற கிராமத்தருகே கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு இந்தியப் புவியியலாளர்கள் 1980களின் இறுதியில் விவரித்தார்கள். 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். ஒரு மனிதனை அதன் பக்கத்தில் நிறுத்தினால் எலும்பே உயரம். முதலில் மாமிசம் தின்னும் வகை என்று எழுதினார்கள். பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று ஆராய்ச்சியாளர்கள் திருத்தினார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளின் பட்டியலில் இதற்கு இடம் தரலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாதம் தீராமல் இழுப்பதற்குக் காரணம் நம் மழை. பொரபொரவென்று இருந்த அந்த எலும்புகள் பருவமழையில் ஊறி நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியவை பழைய புகைப்படங்களும் வரைபடங்களும்தான். 2022இல் அந்தப் பழைய படங்களை வெளியிட்டு, எலும்புதான், கல்லான மரம் அல்ல என்று மறுபடி வாதாட வேண்டியிருந்தது. இல்லாத முட்டைக்கு ஊரே கூடியது. இருந்த எலும்புக்குத் தார்ப்பாய் கிடைக்கவில்லை.

ராஜினாமா என்றால் அரியலூர்

கைடுகளில் நிச்சயம் இருக்கும் கேள்வி: எந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்? விடை அரியலூர். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்த விபத்தைப் பற்றி, தேசிய அளவில் பலருக்கு இந்த ஒரு வரிதான் தெரியும்.

நல்ல கேள்வி கேட்பவர் ஒரு படி பின்னால் போவார். அதே 1956இல் மகபூப்நகரிலும் ஒரு பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதும் சாஸ்திரி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் அரியலூர். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். அமைச்சர் பாலத்தை உடைக்கவில்லை என்பது நேருவுக்கும் தெரியும், சாஸ்திரிக்கும் தெரியும். ஆனாலும் பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு இன்றுவரை நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சம்பவம் அதுவானது.

தமிழ்நாட்டில் கதை வேறு திசையில் போனது. ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் தமிழர். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய 1957இல், அரியலூரையும் அழகேசனையும் எதுகை மோனையில் கட்டிய முழக்கம் மேடை மேடையாக ஒலித்தது. டெல்லியில் நெறிக்கு உதாரணமாகிய விபத்து, இங்கே ஆளுங்கட்சிக்கு எதிரான பிரச்சாரமாகியது. இந்த இரண்டாவது பாதி எந்தக் கைடிலும் இல்லை.

இங்கே ஒரு சின்ன ரயில் கேள்வி. பெரம்பலூர் ரயில் நிலையத்தில் எத்தனை நடைமேடைகள்? அவசரப்பட்டு இரண்டு என்பவர் அவுட். பெரம்பலூர் நகரத்துக்கு ரயிலே கிடையாது. ரயில் பிடிக்க அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும்.

கங்கையும் கீழணையும்

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிக் கேள்வி வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கங்கை வரை படை அனுப்பியவன், 1025இல் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் அனுப்பியவன், புதுத் தலைநகர் கண்டவன் ராஜேந்திரன். அதனால் கொஞ்சம் சுற்றிவளைக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமான ஆண்டு 1987. கங்கைகொண்ட சோழபுரம்? 1987 என்று பலர் எழுதுவார்கள். 2004இல்தான் இதுவும் தாராசுரமும் அதே பட்டியலில் சேர்ந்தன.

இங்குள்ள விமானம் சுமார் 180 அடி. தஞ்சை விமானத்தை விடக் குறைவு. அப்பாவின் கோயிலை மிஞ்சக் கூடாதென்று மகன் குறைத்துக் கட்டினான் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அழகான கதை. கல்வெட்டு எதுவும் அப்படிச் சொல்லவில்லை. தஞ்சைக் கோபுர நிழல் தரையில் விழாது என்பதும் இதே ரகம். வெயிலில் போய் நின்றால் நிழல் தாராளமாக விழுகிறது. கேட்பவர் மகிழ்ச்சிக்காகச் சொல்லப்படுவதைத் துணுக்கு என்று ஒப்புக்கொள்ளலாம், விடைத்தாளில் ஏற்றக் கூடாது.

எனக்குப் பிடித்த கேள்வி இது. கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிலும் கோபுரமும் எங்கே போயின? பக்கத்தில்தான் இருக்கின்றன, கொள்ளிடத்துக்குள். 1836இல் கீழணை கட்டியபோது கற்களுக்காகக் கோயிலின் வெளிச்சுவரை உடைத்து எடுத்துப் போனார்கள். அணைக்கரைப் பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் சோழர் கல்லின் மேல் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அணையால் வயல்கள் விளைந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். வெற்றிக்கு அடையாளமாகக் கங்கை நீரை ஊற்றி ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியும், இன்று பொன்னேரி என்ற பெயரில், மழையைப் பார்த்து நிற்கிறது. மாளிகைமேட்டில் அகழாய்வுக் குழிகளில் அரண்மனையின் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. சுமார் இருநூற்றைம்பது வருடம் தலைநகராக இருந்த ஊர், இப்போது கோயிலைச் சுற்றிய சின்னக் கிராமம். 2025 ஆடித் திருவாதிரையில் பிரதமரே வந்து போனதால் அந்த வாரம் மட்டும் போக்குவரத்து நெரிசல்.

'பொன்னியின் செல்வன்' ரசிகர்களுக்கு ஒரு கேள்வி இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த வினாடி வினாவும் முடியாது. பழுவேட்டரையர்களின் பழுவூர் எங்கே? அரியலூர் மாவட்டத்தில்தான். திருச்சி சாலையில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று பஸ் நடத்துநர் கூவும்போது காது கொடுங்கள். கல்கி கற்பனை செய்த வீரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கீழையூர் இரட்டைக் கோயிலின் கல்வெட்டுகளில் நிஜப் பழுவேட்டரையர்கள் இருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் இவர்கள் வீட்டில் பெண் எடுத்தவன். ராஜராஜனின் மனைவியருள் ஒருத்தியான பஞ்சவன்மாதேவி இந்த வீட்டுப் பெண். அவளுக்குப் பழையாறைப் பக்கம் பள்ளிப்படைக் கோயில் எடுத்தவன், மாற்றாந்தாய் மகனான ராஜேந்திரன். கதையில் சதிகாரக் குடும்பம், வரலாற்றில் சம்பந்தி வீடு.

போகிற போக்கில்

சில விடைகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை, மணியடித்து முடிக்கலாம். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் அம்மன் கோயில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். கையில் கரும்போடு நிற்கும் முருகன் இருப்பது செட்டிகுளம் மலையில். அதே செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போனது. சிப்பிச் சுண்ணாம்புக்குப் புகழ்பெற்ற அதே கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் தூண் வடிவில் வழிபடப்படுகிறார். 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அரியலூர் ஏரி கரைவெட்டி. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து பனிக்காலத்தைக் கழிக்குமிடம்.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நிற்கலாம். இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டான்சோ பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். 'தேம்பாவணி'யும் 'சதுரகராதி'யும் தெரியும், பரமார்த்த குருவும் சீடர்களும் தெரியும். அவர் கொள்ளிடக் கரையில் இந்தக் கிராமத்தில் வாழ்ந்து, இங்குள்ள மாதாவின் மேல் கலம்பகம் பாடினார் என்பது தெரிந்தவர் குறைவு. எ, ஒ எழுத்துகளில் குறிலையும் நெடிலையும் இன்று நாம் குழப்பமில்லாமல் எழுதுவதற்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் ரஞ்சன்குடிக் கோட்டை. கோட்டையின் காரணமாக அதைப் பார்க்கலாம். பக்கத்து வாலிகண்டபுரத்தின் காரணமாகவும் பார்க்கலாம். 1751இல் பிரெஞ்சு ஆதரவு பெற்ற சந்தா சாகிபுக்கும் ஆங்கிலேய ஆதரவு பெற்ற முகமது அலிக்கும் நடந்த சண்டையில், ஆங்கிலேயப் படை இங்கிருந்துதான் பின்வாங்கி ஓடியது. அந்தப் படையோடு ராபர்ட் கிளைவும் இருந்தார். சில மாதத்தில் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிக்கொண்டார். பாடப்புத்தகத்தில் ஆற்காடு இருக்கிறது, வாலிகண்டபுரம் இல்லை.

அரசியல் கேள்வி ஒன்று, பலரை வீழ்த்தும். பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் பெரம்பலூர் மாவட்டத்தின் எத்தனை சட்டமன்றத் தொகுதிகள்? ஒன்றே ஒன்று. மற்ற ஐந்தில் குளித்தலை கரூர் மாவட்டம். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னமும், அரியலூர் மாவட்டத்தின் இரண்டு தொகுதிகளும் சிதம்பரத்துக்கு ஓட்டுப் போடுகின்றன.

'இ' என்ற விடை

தேர்வாணையத்தின் விடைத்தாளில் 2020 முதல் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. ஏ, பி, சி, டி எதுவும் தெரியாவிட்டால் 'இ'யைக் கறுப்பாக்க வேண்டும்: விடை தெரியவில்லை என்று பொருள். எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறையும். காலியாக விட்ட வட்டத்தை வேறு யாரும் பிறகு நிரப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, முந்தைய முறைகேட்டின் விளைவு. வினாடி வினா உலகில் தெரியாது என்பதற்கு ஓர் அதிகாரப்பூர்வமான இடம் ஒதுக்கியது அநேகமாக நம் தேர்வாணையம்தான் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

கோச்சிங் சென்டர் ஆசிரியர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். அதில் பொது அறிவு 75. 'கல்மரம் எங்கே' என்று கேட்பார்களே தவிர, மரம் எப்படிக் கல்லானது என்று கேட்க மாட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லாதபோது 'எப்படி'யைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் பையன் கட்-ஆஃப் தாண்ட மாட்டான். ஆனால் அதே பையன், 'எப்படி' தெரிந்திருந்தால் 'எங்கே'யை மறக்க மாட்டான் என்பதும் அந்த ஆசிரியர்களுக்குத் தெரியும். கடல் தெரிந்தால் சிமென்ட், கல்மரம், அம்மோனைட், கல்லக்குடி நான்கும் ஒரே நூலில் கோத்து வந்துவிடுகின்றன. தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நான்கு கேள்வி, நான்கு மறதி.

மதுக்கடை வினாடி வினாவில் இரண்டு அணிகள் சமமாக நின்றால் ஓர் எண்ணைக் கேட்பார்கள். சரியான விடை யாருக்கும் தெரிந்திருக்காது. யார் பக்கத்தில் வருகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். நம் ராத்திரிக்கான எண் இது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டம் பெரம்பலூர். அதன் மக்கள்தொகை எவ்வளவு?

5,65,223. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 2022இல், குரூப் ஃபோர் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். கைக்குழந்தை முதல் கிழவி வரை பெரம்பலூர் மாவட்டத்தையே வரிசையில் நிறுத்தினால் வரும் கூட்டத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. முதலில் அறிவித்த காலியிடங்கள் 7,301.